மஞ்சள் கடுதாசிக்குப் பிறகு ஒரு வேலை

"அவரு ஐ.பி. கொடுத்துட்டாராமா!"

திருப்பூர்ப் பக்கம் டீக்கடையில் இந்த ஒரு வரி கிளம்பினால், சாயங்காலத்துக்குள் ஊரைச் சுற்றி வந்துவிடும். ஐ.பி. என்றால் இன்சால்வன்சி பெட்டிஷன். பழைய ஆட்கள் 'மஞ்சள் கடுதாசி' என்பார்கள். வாங்கிய கடனைக் கட்ட வழியில்லை, என்னைத் திவாலானவராக அறிவியுங்கள் என்று நீதிமன்றத்தில் கொடுக்கும் மனு.

இருபது மிஷின் போட்டு பவர் டேபிள் யூனிட் நடத்திய அந்த 46 வயதுக்காரரும் கொடுத்தார். 2021-ல் ஏற ஆரம்பித்த நூல் விலை, குறைந்துபோன ஆர்டர், பழைய கடனை அடைக்க வாங்கிய புதுக் கடன் என்று எல்லாம் சேர்ந்து அவரை சார்பு நீதிமன்றப் படியில் நிறுத்தின. "கோர்ட் உங்களைத் திவாலானவர்னு அறிவிச்சுட்டா, கடன்காரங்க அவங்க இஷ்டத்துக்குத் தனித்தனியா கேஸ் போட முடியாதுங்க" என்றார் வக்கீல். அறிவிப்பு வந்தது. மிஷின்கள் போயின. அடுத்த மாதச் சாப்பாட்டுக்கு ஒரு வேலை வேண்டும்.

முதலில் போன கம்பெனியில் யூனிட் நடத்தியதையே அவர் சொல்லவில்லை. "இத்தனை வருஷம் என்ன பண்ணுனீங்க?" என்ற கேள்விக்கு, "ஊர்ல விவசாயம்ங்க" என்றார். மூன்றாம் நாளே விஷயம் தெரிந்துவிட்டது. "நஷ்டம் யாருக்கும் வரும்ங்க. ஆனா மறைச்சீங்க பாருங்க..." என்று கணக்கை முடித்து அனுப்பினார்கள்.

அன்று ராத்திரி மனைவி சொன்னார்: "ஏனுங்க, நாம என்ன திருடிட்டா வந்தோம்? இருக்கறதைச் சொல்லிப்போடுங்க."

அடுத்த இன்டர்வியூவில் சொன்னார். முதலாளி கொஞ்ச நேரம் யோசித்தார். "பர்ச்சேஸ், பணம் புழங்கற எடம் இப்போதைக்கு வேண்டாங்க. தையல் லைனைப் பார்த்துக்குங்க" என்றார். சம்பளம் 22,000 ரூபாய், பி.எஃப். உண்டு.

அவர் பயந்த அளவுக்குச் சட்டம் கதவுகளை அடைத்துவிடவில்லை. திவாலில் இருந்து விடுவிக்கப்படாத ஒருவர் கம்பெனி டைரக்டராக முடியாது, எம்.எல்.ஏ., எம்.பி. ஆக முடியாது. தன் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாய்க்கு மேல் கடன் வாங்கினால்கூட, 1920-ம் ஆண்டு மாகாண திவால் சட்டப்படி அது குற்றம். ஆனால் தனியார் கம்பெனியில் சூப்பர்வைசராக வேலை பார்க்க எந்தத் தடையும் இல்லை. அவருடைய பி.எஃப். பணத்தைக் கடன்காரர்கள் ஜப்தி செய்யவும் முடியாது.

அவர் எதிர்பார்க்காத அடி வேறு பக்கமிருந்து வந்தது. அவருடைய ஒரு கடனுக்கு மச்சினன் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். மச்சினன் அரசுப் பள்ளி ஆசிரியர். கடன் வாங்கியவர் திவாலானாலும் ஜாமீன்தாரரின் பொறுப்பு தீராது. கடன்காரர் மச்சினன் மீது வழக்குப் போட்டு டிக்ரி வாங்கினார். சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது என்கிறது சட்டம். கணக்கில் வரும் சம்பளம் 61,000 என்றால், மாதம் 20,000 வரை பிடிக்கலாம். மொத்தம் 24 மாதங்கள் வரை அப்படிப் பிடிக்கலாம். தலைமையாசிரியர் மேஜைக்கு ஜப்தி உத்தரவு வந்த அன்று, மச்சினன் போனில் சத்தம்கூடப் போடவில்லை. "பாத்துக்கலாம் மாமா" என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தை அவரைப் பல நாள் தூங்கவிடவில்லை.

அடுத்து மகள். பி.காம். முடித்து வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "அப்பாவோட ஐ.பி. என் சிபில்ல காட்டுமாப்பா?" என்று கேட்டாள். காட்டாது. கடன் வரலாறு ஆளுக்கு ஆள் தனி. ஆனால் அவளுடைய கல்விக் கடன் அவள் பெயரிலேயே இருந்தது. அப்பா கட்டாமல் விட்ட இரண்டு தவணைகள் அவள் கணக்கில்தான் ஏறியிருந்தன. வங்கி வேலை அறிவிப்புகளில் கடன் வரலாறு சுத்தமாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுகிறார்கள். கடன் வரலாறு சரியில்லை என்று ஒரு பொதுத்துறை வங்கி ஒருவரின் நியமனத்தை ரத்து செய்தது செல்லும் என்று 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

அவர் முதல் சம்பளத்தில் பாக்கித் தவணையைக் கட்டினார். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதை வாங்கிச் சரிபார்க்க வேண்டியது அவள் வேலையானது. கட்டிய பிறகும் பாக்கி என்றே காட்டினால் புகார் கொடுக்கலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

மச்சினன் வீட்டுக்கு இப்போது மாதாமாதம் ஐந்தாம் தேதி 5,000 ரூபாய் போய்ச் சேருகிறது. பிடித்தம் போகும் தொகைக்கு அது ஈடாகாது என்று இருவருக்கும் தெரியும்.

மனு போடும்போது வக்கீல் கேட்டது ஒரு பட்டியல்: யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று. அதன் பக்கத்தில் இன்னொரு பட்டியலையும் அன்றே எழுதியிருக்க வேண்டும் என்று அவர் இப்போது மற்றவர்களுக்குச் சொல்கிறார். தனக்காக யார் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்ற பட்டியல்.