லினக்ஸும் நம் ஊராரும்

கணிப்பொறியின் இயல்பை அறியாதார்க்கு ஓர் இயங்குதளத்தை அறிமுகம் செய்வது எங்ஙனம் என்னும் வினா, நம் கல்லூரியிற் கணிப்பொறியியல் பயிலும் மாணவ நண்பர்களுக்கு மிக எளியதாகத் தோன்றலாம். தாம் அறிந்ததைப் பிறர்க்கு எடுத்துரைப்பதில் என்ன அருமை உண்டு என்று அவர்கள் வினவுவர். யான் இக்கல்லூரியை விட்டு நீங்கிய பின்னர்ப் பல ஆண்டுகளாக, புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடிக்கு அணித்தாயுள்ள எமது சிற்றூரில், விடுமுறை நாட்களில், லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை அண்டை அயலார்க்குக் காட்டி வருகின்றேன். அவர்களுள் தையற்காரர் ஒருவர் உளர். மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கெழுதும் அம்மையார் ஒருவர் உளர். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரும் உளர். அவர்களிடத்து யான் கண்டவற்றுட் சிலவற்றை ஈண்டுக் கூறப்புகுகின்றேன்.

இயங்குதளத்தின் வரலாறு யாவரும் அறிந்ததே யாதலின் அதனைச் சுருங்கச் சொல்லி மேற்செல்வேன். 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வகத்திற் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தைத் தோற்றுவித்தனர். அதனைப் போன்றதொன்றை யாவரும் தடையின்றிப் பயன்படுத்துமாறு ஆக்கவேண்டும் என்று ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதற்கு இன்றியமையாத உட்கருவை எழுதி வெளியிட்டார். இரண்டும் கூடியதே நாம் லினக்ஸ் என வழங்குவது. இதனைப் பயன்படுத்தலாம், இதன் மூலநிரலைப் படித்துத் திருத்தலாம், படியெடுத்து அயலார்க்குக் கொடுக்கலாம், திருத்திய வடிவையும் கொடுக்கலாம். இந்நான்கு உரிமைகளும் உடைமையாலேயே இது கட்டற்ற மென்பொருள் எனப்படுகின்றது.

ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் வழங்குதலின், ஸ்டால்மன் போன்றோர் தாம் சொல்வது விலையைப் பற்றியதன்று, உரிமையைப் பற்றியது என்று ஓயாது விளக்கவேண்டியதாயிற்று. தமிழில் அவ்விடர்ப்பாடு இல்லை. 'விலையில்லா' என்பது வேறு, 'கட்டற்ற' என்பது வேறு என்பதை எம்மூர்ச் சிறுவனும் அறிவான். விலையில்லா மிதிவண்டி, விலையில்லா மடிக்கணினி என்னும் தொடர்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆடு மாடுகளைக் கட்டுதலும் அவிழ்த்தலும் நாடோறும் செய்யும் ஊராதலின், கட்டற்றது இன்னதென்று விளக்குதற்கு யான் பெரிதும் வருந்தியதில்லை.

மூலநிரல் என்பதனை விளக்குதல்தான் அரிது. அதற்கு யான் குடுமியான்மலையைத் துணைக்கொள்வேன். அங்குள்ள பாறையில் ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகட்கு முன்னர் இசையின் சுரக்கோவைகள் கிரந்த எழுத்திற் பொறிக்கப்பட்டுள்ளன. உருத்திராசாரியரின் மாணாக்கனாகிய மன்னனொருவன் மாணவர்களின் நன்மைக்காக அவற்றை ஆக்கினான் என்று அக்கல்வெட்டே கூறுகின்றது. பாட்டைக் கேட்டு மகிழ்வது ஒன்று. அப்பாட்டு எச்சுரங்களால் ஆயது என்பதை எவரும் பார்க்கும்படி கல்லில் எழுதி வைப்பது மற்றொன்று. மூலநிரலைத் திறந்து வைத்தல் இரண்டாவதைப் போன்றது என்பேன். "அதைப் படிக்க நமக்குத் தெரியாதே, தம்பி!" என்று ஒரு மூதாட்டியார் கூறினார். தெரியாதுதான், ஆயினும் தெரிந்தவர் ஒருவர் வந்தாற் படிக்கலாம், பூட்டி வைத்ததாயின் அவராலும் படிக்க இயலாது என்றேன். அவர் தலையசைத்தார்.

வரையறை கூறித் தொடங்கிப் பின்னர்ப் பொறியைக் காட்டுவோர் சிலர். அம்முறை வகுப்பறைக்கு ஏற்கலாம். ஊருக்கு ஏலாது என்பது என் துணிபு. இதற்கு யான் சான்று தேடித் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. லினக்ஸ் பிறந்த அதே 1991-இல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தோன்றிற்று. அக்காலத்தில் ஆட்சித்தலைவராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார், எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டும் பயிற்சியையும் பெண்களுக்கு உரியதாக்கினார். மிதிவண்டி அதற்குமுன் பெண்களுக்கு ஆகாதது என்று எவரும் சட்டம் இயற்றவில்லை. ஆயினும் அது ஆடவர்க்குரிய பொறி என்பது எழுதாத வழக்காய் இருந்தது. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் அதனைக் கற்றனர் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1996-இல் வெளிவந்த தமது நூலில் எழுதியுள்ளார். பெண்களுக்கான வண்டிகள் கடைகளிற் கிடையாமையால் ஆண்களுக்கான வண்டிகளையே பலர் வாங்கினராம். இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையேயுள்ள கம்பியிற் குழந்தையை அமர்த்தலாம் என்பதால் அதனையே விரும்பினாரும் உளராம். தமக்கு அமைக்கப்படாத பொறியைத் தம் தேவைக்கு வளைத்துக்கொண்ட அவ்வறிவு எனக்குப் பெருவியப்பு.

என் அத்தையும் அவ்வாண்டுகளிற் கற்றவர். கற்றுக்கொடுத்தவர் யார் என்று ஒருமுறை வினவினேன். "எனக்கு ஒரு வாரம் முன்னாடி கத்துக்கிட்டவ" என்றார். யான் இதுகாறும் படித்த கல்வி நூல்களுள் எதனினும் இவ்வொரு விடை எனக்கு மிகுந்த பயன் தந்தது. சக்கரம் ஏன் விழாது நிற்கின்றது என்பதை எவரும் அவருக்கு விளக்கவில்லை. வண்டியின் பின்னே ஒருவர் பிடித்துக்கொள்ள, ஏறி அமர்ந்து மிதித்தார்; அவ்வளவே. பின்னே பிடித்தவரும் நேற்று விழுந்தெழுந்தவராதலின், எவ்விடத்தில் அச்சம் வரும் என்பதை நன்கு அறிந்திருந்தார்.

இனி மடிக்கணினிக்கு வருவோம். 2011-இல் தமிழ்நாட்டு அரசு மேனிலைப் பள்ளி, கல்லூரி மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபொழுது, அப்பொறிகளில் விண்டோஸுடன் பாஸ் என்னும் லினக்ஸும் இடம்பெற்றது. பாஸ் என்பது நம் நாட்டு சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு ஆக்கி, 2007 முதல் வெளியிட்டு வருவது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே உமாசங்கர் அவர்கள் தலைமையில் எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணிப்பொறிகளை லினக்ஸுக்கு மாற்றியிருந்தது. அண்டையிலுள்ள கேரளத்திற் பள்ளிகள் முழுமையும் இவ்வழியே சென்றன. ஆங்கு ஆசிரியர்க்குப் பயிற்சி முன்னே சென்றது, பொறி பின்னே சென்றது. எமது ஊரில் யான் அறிந்தவரை, மடிக்கணினி பெற்ற பிள்ளைகளுள் பாஸைத் திறந்து பார்த்தாரைக் கண்டிலேன். பின்னே பிடித்துக்கொள்ள ஒருவர் இல்லாத மிதிவண்டி சுவரிற் சார்ந்து நிற்பது இயல்பே.

அப்பொறிகள் பல இன்று பரணில் உறங்குகின்றன. விண்டோஸ் 7-க்குரிய ஆதரவு 2020 சனவரியிலும், விண்டோஸ் 10-க்குரிய பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளிலும் முடிவுற்றன. புதிய பதிப்பைத் தாங்கும் வலிமை பழம்பொறிகளுக்கு இல்லை. பெற்ற பெண் மணமாகிச் சென்றுவிட்டாள். பொறி மெதுவாக ஓடுகின்றது. பழைய இரும்புக்கு எடைபோடலாமா என்று கேட்போரை யான் ஆண்டுதோறும் காண்கிறேன். இருபதாயிரம் முப்பதாயிரம் கொடுத்து வேறொன்று வாங்க இயலாத இல்லங்களுக்கு அஃது ஒன்றே கணிப்பொறி என்பதை நினைத்தால், இவ்விஷயம் ஒரு பொழுதுபோக்கன்று என்பது புலனாகும்.

சுயஉதவிக் குழு அம்மையார் கொணர்ந்த மடிக்கணினி அத்தகையது. இரண்டு ஜிபி நினைவகமே அதில் இருந்தது. யான் எதனையும் அழியாமல், ஒரு பென் டிரைவில் இட்டிருந்த லினக்ஸைக் கொண்டு அதனை எழுப்பிக் காட்டினேன். பென் டிரைவை எடுத்துவிட்டால் உம்முடைய பொறி பழையபடியே இருக்கும் என்று சொன்னதுதான் அவரது அச்சத்தைப் போக்கிற்று. புதியதைக் கொள்ளுமுன் பழையதை இழக்கவேண்டியதில்லை என்னும் உறுதி ஏழைகளுக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை அறிஞர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இரண்டு வாரம் அவ்வாறே ஓட்டிப் பார்த்த பின்னர், "இதையே போட்டுரு தம்பி" என்றார். மகளின் பழைய நிழற்படங்களை வேறிடத்திற் படியெடுத்து வைத்த பின்னரே நிறுவினேன்.

திரை முழுதும் தமிழில் இருந்தது. இத்தமிழாக்கம் ஏதோ ஒரு நிறுவனத்தின் கொடையன்று. 2000-ஆம் ஆண்டையொட்டித் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கடல்கடந்த நாடுகளிலும் வாழும் தமிழர் சிலர் கூலி பெறாது செய்யத் தொடங்கிய பணி, கைம்மாறி இன்றும் நடைபெறுகின்றது. விரிதாளில் 'சேமி' என்னும் சொல்லைக் கண்டதும் அம்மையார் முகம் மலர்ந்தார். குழுவில் மாதந்தோறும் அவர் எழுதுவது சேமிப்புக் கணக்கே யாதலின், அச்சொல் அவருக்கு உறவினரைப் போன்றது. எழுதியதை இழக்காமல் வைப்பதும் சேமிப்பே என்று தாமே கூறிக்கொண்டார். 'தொகு' என்பதை மட்டும் தொகையைக் கூட்டுவது என்று கொண்டு, அதனை அழுத்தினால் மொத்தம் வரும் என எதிர்பார்த்தார். பிழை அவருடையது என்று யான் சொல்லமாட்டேன். மென்பொருள் நிறுவும்பொழுதெல்லாம் கடவுச்சொல் ஏன் கேட்கின்றது என வினவினார். பீரோவின் சாவியை வேலைக்கு வந்தவரிடம் நாம் கொடுப்பதில்லையே என்றேன். மேலும் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. இப்பொழுது அவர் பக்கத்துத் தெருக் குழுவின் கணக்காளருக்குக் கற்பித்து வருகின்றார். அவர் கற்பிக்கும் முறை என்னினும் நன்று. சுட்டியைத் தம் கையில் வாங்குவதே இல்லை.

தையற்காரர் செய்தி வேறு. அவர் மகன் டேலி என்னும் கணக்கு மென்பொருளைப் பயின்று வேலைக்குச் செல்ல விரும்பினான். டேலி விண்டோஸுக்கென ஆக்கப்பட்டது. லினக்ஸில் அதனைச் சுற்றுவழியில் இயக்க முயலலாமேனும், வேலை தேடும் பிள்ளையைச் சுற்றுவழியில் அலைக்கழித்தல் அறமாகாது. விண்டோஸே உமக்கு வேண்டும் என்று கூறி அனுப்பினேன். திருமண அழைப்பிதழ் அச்சிடும் கடைக்காரர்க்கும் இவ்வாறே கூறினேன். அவர் தொழில் முழுதும் பழைய பேஜ்மேக்கரிலும், ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருக்களிலும் அமைந்துள்ளது. இணைய உலாவியிற் பத்துப் பக்கங்களை ஒருங்கே திறந்தால் இரண்டு ஜிபி நினைவகம் எந்த இயங்குதளத்திலும் திணறும் என்பதையும் மறைத்தல் கூடாது. லினக்ஸ் அன்பர்களுட் சிலர் இவற்றைச் சொல்லாது விடுதலால், முதல் மாதத்திலேயே ஏமாற்றமுற்றோர் வாழ்நாள் முழுதும் அதன் பகைவராகின்றனர். என் மாணவ நண்பர்கள் ஒருவருக்கு அதனை எடுத்துரைக்குமுன், அவர் கணிப்பொறியால் நாடோறும் செய்வது யாது என்பதை முதற்கண் கேட்டல் வேண்டும்.

தமிழாசிரியர் எழுபது கடந்தவர். தட்டச்சு அறியாதவர். தமிழ்நாட்டு அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலும் உண்டு. உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்தமை இலக்கணம் கற்றவர்க்கு எளிது என்று சொல்லிக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் விரல்கள் பழகின. கணியம் என்னும் இணைய இதழ் 2012 முதல் எளிய தமிழில் வெளியிட்டுவரும் கட்டுரைகளையும் நூல்களையும் இறக்கித் தந்தேன். அவற்றை அவர் படித்தது கணிப்பொறி கற்பதற்காக மட்டுமன்று, சந்திப்பிழை காண்பதற்காகவும் என்பது பின்னரே தெரிந்தது.

ஒருநாள் அவர் என்னை அழைத்துத் திரையைக் காட்டினார். ஒரு பட்டியலில் வல்லெழுத்து மிகவேண்டிய இடத்தில் மிகாமல் இருந்தது. "இதை யாரிடம் சொல்வது?" என்று கேட்டார், பள்ளியில் என்னைக் கேட்ட அதே குரலில். ஐயா, இதனைத் தாங்களே திருத்தலாம் என்றேன். அவர் நம்பவில்லை. மொழிபெயர்ப்பாளர்கள் பணிசெய்யும் தளத்தைத் திறந்து, அத்தொடர் இருக்குமிடத்தைக் காட்டி, திருத்தத்தை முன்மொழியும் கட்டத்தில் அவரைக் கொண்டே எழுதச் செய்தேன். நிரலின் ஓரெழுத்தும் அறியாத அவர், மூன்றாம் உரிமையையும் நான்காம் உரிமையையும் பற்றி எதுவும் கேளாத அவர், அந்த ஒற்றை இட்ட பின்னர்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அப்படியானால் இது நம்முடையதுதான்" என்றார்.

அவர் முன்மொழிந்த திருத்தம் இன்னும் ஏற்கப்படவில்லை. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேறொரு சொல்லையே இடலாமே என்று மறுமொழி எழுதியிருக்கின்றார். ஐயா அதற்கு நன்னூல் விதியைக் காட்டி இரண்டு பக்க விடை தயாரித்து வருகின்றார். புதிய பதிப்பு வெளிவந்த செய்தி கிடைக்கும்பொழுதெல்லாம் என்னை அழைத்து, பென் டிரைவைக் கொணரச் செய்து, அப்பட்டியலைத்தான் முதலில் திறக்கின்றார்.