இரண்டாவது தொடுகை

2024 சீசனிலிருந்து அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் வாலிபாலில் இரண்டாவது பந்துக்கு டபுள் டச் கிடையாது. பந்து தம் பக்கத்திலேயே இருந்தால் போதும். அடிக்கிறவனுக்குப் பந்து தூக்கிக் கொடுக்கிற செட்டரின் இரு கையிலும் முன்பின்னாகப் பட்டுச் சுழன்று போனாலும் ரெஃப்ரி விசில் அடிப்பதில்லை. என்னிடம் ஆடப் பழகி, இன்று ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருக்கிற பையன் இந்தச் செய்தியை எனக்கு அனுப்பி, "இந்த ரூல் இங்கேயும் வந்தா நம்ம பசங்களுக்கு ஈஸி சார்" என்று எழுதியிருந்தான். அன்று முழுக்க எனக்கு மனசு ஆறவில்லை.

அந்த விசிலுக்குப் பயந்துதான் நாங்கள் விரலைப் பழக்கினோம். விசில் போனால் விரல் போகும். விரல் போனபின் செட்டர் என்று தனியாக ஒருவன் எதற்கு? ஜப்பான் ஆண்கள் அணியின் கதை தெரிந்தவன் அப்படி எழுதமாட்டான். போனில் சொல்லி மாளாது என்பதால் அவனுக்காகவும், அவனைப் போன்ற மற்ற மாஸ்டர்களுக்காகவும் எழுதுகிறேன்.

1964 டோக்கியோவில்தான் வாலிபால் முதன்முதலாக ஒலிம்பிக்கில் நுழைந்தது. டைமாட்சு பழக்கிய ஜப்பான் பெண்கள் அணிக்குத் தங்கம். சோவியத்துடன் அவர்கள் ஆடிய கடைசி ஆட்டத்துக்கு டோக்கியோ வட்டாரத்தில் டி.வி. பார்வையாளர் கணக்கு 66.8 சதவீதம். ஆண்கள் அணிக்கு வெண்கலம். தங்கம் வாங்கிய சோவியத் ஆண்கள் அந்தப் போட்டியில் தோற்றது ஒரே ஆட்டம், அதுவும் ஜப்பானிடம். இருந்தும் அந்த வெண்கலத்தை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. அணியின் துணைப் பயிற்சியாளராக இருந்த யசுதாகா மட்சுடைராவுக்கு அது ஆறாத வடுவானது. தலைமைப் பொறுப்பு கைக்கு வந்ததும் எட்டு வருஷக் கணக்கு ஒன்று போட்டார்: 1972-இல் தங்கம். 1968 மெக்சிகோவில் வெள்ளி வந்தது. 1970 உலகச் சாம்பியன்ஷிப்பில் வெண்கலம்தான். கிழக்கு ஜெர்மனியும் பல்கேரியாவும் முந்திக்கொண்டன. இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மட்சுடைரா உயரமான ஆட்களைத் தேடித்தேடிச் சேர்த்தார் என்பது உண்மை. மொரிட்டா, ஓகோ, யோகோட்டா மூவரும் 190 சென்டிமீட்டருக்கு மேல். மினாமி 196. நம் செலக்டர்கள் இதுவரைக்கும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டார்கள். அந்த நெட்டை ஆட்களை மட்சுடைரா கையை ஊன்றித் தலைகீழாகக் கோர்ட்டில் நடக்க வைத்தார். ஜிம்னாஸ்டிக்ஸ் வீரனைப் போலக் குட்டிக்கரணம் போட வைத்தார். தரையில் பாய்ந்து பந்தை எடுத்து, விழுந்த வேகத்தில் எழுந்து அடிக்க ஓட வைத்தார். குள்ளமான ஆள் செய்கிற அத்தனையையும் நெட்டை ஆள் செய்தாக வேண்டும் என்பது அவர் சட்டம். ஐரோப்பிய அணிகளிலும் உயரம் இருந்தது, பலம் இருந்தது. இந்தச் சுறுசுறுப்பு இல்லை.

செட்டருக்கு முன்னால் தள்ளித் தட்டையாகக் கொடுக்கிற பி குயிக், பின்னால் அப்படிக் கொடுக்கிற டி குயிக், ஒருவன் குதித்து பிளாக்கை ஏமாற்ற இன்னொருவன் பின்னாலிருந்து வந்து அடிக்கிற டைம் டிஃபரன்ஸ், மொரிட்டா கண்டுபிடித்த ஒற்றை ஆள் டைம் டிஃபரன்ஸ் (ஓடி வந்து குதிப்பது போலக் காட்டி, நின்று, எதிராளி இறங்கும்போது தான் ஏறுவது) இவையெல்லாம் இன்று பள்ளிக்கூட அணி வரை வந்துவிட்டன. யார் அடித்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அத்தனைக்கும் பந்து கொடுத்தவர் ஒருவர். கத்சுதோஷி நெகோடா, ஹிரோஷிமாக்காரர், 179 சென்டிமீட்டர். இருபது வயதில் டோக்கியோவில் வெண்கலம், பிறகு வெள்ளி, பிறகு தங்கம் என்று மூன்றையும் வாங்கியவர்.

நான் செட்டராக ஆடிய காலத்தில் எங்கள் கோச் பட்டியாலா என்.ஐ.எஸ்ஸில் பயிற்சி முடித்து வந்தவர். அங்கே ஜப்பான் அணியின் ஃபிலிமைத் திரும்பத் திரும்பப் பார்த்ததாகச் சொல்வார். அடிக்கிற பையன்களை உதவியாளரிடம் விட்டுவிட்டு, அவர் நெட்டுக்கு அந்தப் பக்கம் எனக்கு நேர் எதிரே வந்து நிற்பார். பந்து என் கையை விட்டுப் போவதற்கு முன்னால் "முன்னால" அல்லது "பின்னால" என்று சத்தமாகச் சொல்வார். அவர் சொன்னது சரியாக இருந்தால் அந்த செட் எவ்வளவு நன்றாக அமைந்திருந்தாலும் கணக்கில் வராது; மறுபடி முதலிலிருந்து. மாதக்கணக்கில் அவர் சொன்னதே சரியாக இருந்தது.

எதைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறார் என்று கேட்டால் சொல்லமாட்டார். ஒருநாள் தானாகவே காட்டினார். பின்னால் கொடுக்கப் போகிற செட்டர் பந்துக்குக் கீழே அரையடி அதிகமாகப் போய்விடுகிறான். பந்து நெற்றிக்கு நேராக இல்லாமல் உச்சந்தலைக்கு வருகிறது. இடுப்பு முன்னே தள்ளுகிறது. தாடை ஏறுகிறது. எதிரே நிற்கிற பிளாக்கருக்கு அந்தத் தாடை போதும், ஒரு எட்டு முன்கூட்டியே வைத்துவிடுவான். பி குயிக் கொடுக்கப் போகிறவனுக்கு வலது முழங்கை விரிகிறது, கால் கட்டைவிரல் அடிக்கிறவன் பக்கம் திரும்புகிறது. நெகோடாவிடம் இவற்றில் ஒன்றும் கிடையாது என்பார் கோச். எல்லாப் பந்தையும் ஒரே இடத்தில், நெற்றிக்கு ஒரு சாண் மேலே, எடுப்பார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வளைந்து ஒரு முக்கோணம் நிற்கும். பந்து முன்னால் போகிறதா, பின்னால் போகிறதா, இரண்டு மீட்டருக்குத் தட்டையாகப் பறக்கிறதா என்பதைக் கடைசி நொடியில் மணிக்கட்டும் விரல் நுனியும் முடிவு செய்யும். உடம்பில் வேறெதுவும் அசையாது.

சொல்ல எளிது. பி குயிக்குக்கு அடிக்கிறவன் ஏற்கெனவே காற்றில் இருக்கிறான், அவன் கை இருக்கிற இடத்துக்குப் பந்து போய்ச் சேர வேண்டும். பாஸ் ஒரு முழம் தள்ளி வந்தாலும் செட்டர் அந்த முழத்தைக் காலால் ஓடி ஈடுகட்டி, நின்று, தோளை நெட்டுக்கு நேராக்கி, அதே முக்கோணத்தில் பந்தை வாங்க வேண்டும். அவசரத்தில் ஒரு கை முந்தினால் பந்து சுழலும், விசில் வரும். நெகோடா காலத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. அப்போது பிளாக்கில் பட்டது ஒரு தொடுகையாகக் கணக்கானது. கையில் பட்டு வந்த பந்தை எடுத்தவுடன் அடித்தாக வேண்டும். 1976-க்குப் பிறகுதான் அந்தக் கணக்கு போனது. சர்வீஸ் போட்ட பக்கத்துக்குத்தான் பாயின்ட் என்ற காலம் அது. ஒரு செட் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த விதிகளுக்குள் நின்றுதான் அந்த மனிதர் இதைச் செய்தார்.

1972 மியூனிக் ஒலிம்பிக் அரையிறுதியில் எதிரணி பல்கேரியா. ஜப்பான் முதல் இரண்டு செட்டையும் விட்டது. மட்சுடைரா அனுபவஸ்தர்களான நகமுராவையும் மினாமியையும் இறக்கினார், அடுத்த இரண்டு செட்டும் வந்தன, ஐந்தாவதை 15-12 என்று முடித்தார்கள். இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த இரண்டு பேரையும் மொரிட்டாவின் அடியையும் சொல்வார்கள். 0-2 என்று பின்தங்கிய அணியின் செட்டர் என்ன செய்வான்? பயந்தவன் பந்தை உயரமாகத் தூக்கி ஓரத்துக்குப் போட்டுப் பொறுப்பை அடிக்கிறவன் தலையில் வைத்துவிடுவான். எதிரே இரண்டு ஆள் பிளாக் வந்து நிற்கும். தோல்வியின் விளிம்பிலும் நடுவில் குயிக் கொடுக்கிற துணிச்சல் செட்டருக்கு இருக்க வேண்டும். இறுதியாட்டத்தில் கிழக்கு ஜெர்மனியுடனும் முதல் செட் 11-15 என்று போனது. அடுத்த செட் 15-2. அதற்குப் பிறகு இரண்டும் 15-10. ஒரு சர்வதேச இறுதியாட்டத்தில் 15-2 வந்தது என்றால் எதிரணியின் பிளாக்கர்களுக்குப் பந்து எங்கே போகிறது என்றே தெரியவில்லை என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு உலகம் கற்றுக்கொண்டது. 1976 மான்ட்ரியலில் போலந்து தங்கம் வாங்கியது. அந்த அணியின் வோய்டோவிச் பின்வரிசையிலிருந்து பறந்து வந்து அடித்தார். அங்கே ஜப்பானின் கொடியை ஏந்திப் போனவர் நெகோடா, அணி நான்காவது இடம். 1983-இல், 39 வயதில், வயிற்றுப் புற்றுநோயில் அவர் போனார். 1986 சியோல் ஆசியப் போட்டியில் ஜிம்மி ஜார்ஜ் ஆடிய நம் இந்திய அணி ஜப்பானைப் பின்னுக்குத் தள்ளி வெண்கலம் வாங்கியது. நமக்குச் சந்தோஷமான நாள்தான். மியூனிக்கை ஆண்ட அணி பதினாலு வருஷத்தில் ஆசியாவில் நான்காவதாக நின்றது என்பதையும் சேர்த்தே நான் நினைத்துக்கொள்கிறேன்.

செட்டர் விஷயத்தில் நம்மிடம் கதை வேறு. ஒரு செலக்‌ஷன் டிரையலில் நான் கூட்டிப்போன பையனின் கையைப் பார்க்காமலே உயரத்தை அளந்துவிட்டு, "பந்தைத் தூக்கிப் போட யார் இருந்தால் என்ன" என்று ஒரு பொறுப்பாளர் என்னிடமே சொன்னார். அடிக்க வராதவனைச் செட்டராக நிறுத்துவது இன்று பல ஊர்களில் வழக்கம். டோர்னமென்ட்டில் சிறந்த ஸ்மாஷர், சிறந்த பிளாக்கர், சிறந்த லிபரோ எல்லோருக்கும் கோப்பை உண்டு. செட்டருக்குப் பல இடங்களில் இருப்பதில்லை. பிராக்டிஸில் ஒரு மணி நேரம் குதித்து அடிப்பார்கள், செட்டருக்குப் பத்து நிமிஷம் சுவரில் பந்து தட்டச் சொல்வார்கள். பையன்கள் மொபைலில் பார்ப்பதும் அடிதான். அடிக்கு முந்தைய அரை நொடியை வெட்டி எடுத்துவிட்டுத்தான் வீடியோ போடுகிறார்கள்.

அதே ஜப்பான் இப்போது மீண்டு வந்திருக்கிறது. நேஷன்ஸ் லீக்கில் 2023-இல் வெண்கலம், 2024-இல் வெள்ளி. பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் உலகச் சாம்பியன் இத்தாலியை இரண்டு செட் முந்தி, மூன்றாவதில் 24-21 வரை கொண்டுபோய், கடைசியில் ஐந்தாவது செட்டை 15-17 என்று இழந்தார்கள். அந்த அணியில் இஷிகாவாவையும் நிஷிதாவையும் எல்லாப் பையன்களுக்கும் தெரியும். செட்டர் மசாஹிரோ செகிடா. உயரம் 175 சென்டிமீட்டர். நம் டிரையலில் நின்றிருந்தால் அவரை வெளியே அனுப்பியிருப்பார்கள்.

மாஸ்டர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அடுத்த முறை பையன்களைச் சேர்க்கும்போது அளவுகோலை எடுப்பதற்கு முன் ஆளுக்கொரு பந்தைக் கொடுத்து நெற்றிக்கு மேலே வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். எவன் கையிலிருந்து பந்து சுழலாமல், சத்தமில்லாமல் போகிறதோ அவனைத் தனியே நிறுத்துங்கள். அணியில் முதலில் எடுக்க வேண்டிய ஆள் அவன். நெட்டுக்கு அந்தப் பக்கம் நீங்களே போய் நின்று அவன் தாடையைப் பாருங்கள். அவனுக்கு மூன்று வருஷம் கொடுங்கள். இடையில் இரண்டு ஆட்டம் தோற்றதற்காக அவனை மாற்றிவிடாதீர்கள்.