பழைய காருக்குப் புதிய மோட்டார்

சாவியைத் திருப்புகிறோம்; காரின் இயந்திரம் ஓடத் தொடங்குகிறது. இடையில் நடக்கும் வேலையைப் பற்றி நாம் நினைப்பதே இல்லை. பெட்ரோல் இயந்திரம் தானாக ஓடத் தொடங்காது. வேறொரு விசை முதலில் அதைச் சில சுற்றுகள் சுழற்றிவிட வேண்டும். அப்போதுதான் பெட்ரோல் கலந்த காற்று உள்ளே இழுக்கப்பட்டு, அழுத்தப்பட்டு, தீப்பொறி பட்டு எரியும். அந்த முதல் சுற்றுகளைத் தருவதுதான் ஸ்டார்ட்டர் மோட்டார்.

நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இந்த வேலையைக் கைகளே செய்தன. காரின் முன்புறத்தில் ஓர் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றுவார்கள். இயந்திரம் எதிர்த்திசையில் உதைத்தால் மணிக்கட்டு முறிந்துவிடும். அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் இதற்கு வழி கண்டார். அவர் முன்பு கடைகளில் உள்ள பணப்பதிவு இயந்திரத்துக்கு மின்மோட்டார் வடிவமைத்தவர். சில நொடிகள் மட்டுமே ஓடும் மோட்டார் சிறியதாக இருந்தாலும் பெரிய விசையைத் தர முடியும் என்பதை அந்த அனுபவத்தில் அறிந்திருந்தார். 1912ஆம் ஆண்டின் கேடிலாக் கார்களில் அவருடைய மின்தொடக்கி இடம்பெற்றது.

இந்தச் சிறிய மோட்டார் எங்கள் குடும்பத்தில் ஒரு பெரிய விவாதத்தை எழுப்பியது. பெரியப்பாவிடம் 1965ஆம் ஆண்டில் தயாரான எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று உண்டு. இரண்டே இருக்கைகள், மேற்கூரையை மடக்கி வைக்கலாம். 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் சாலையில் கார்ப் பந்தயங்கள் நடந்தன. இளைஞராக அவற்றைப் பார்க்கப் போன நாள்களிலேயே அவருக்கு இத்தகைய கார்கள்மீது ஆசை பிறந்துவிட்டது. பல ஆண்டுகள் பணம் சேர்த்து, யாரோ ஓட்டிய காரைத்தான் அவர் வாங்கினார்.

அந்தக் கார் இப்போது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கிளாசிக் வாகனத் திட்டத்தின்கீழ் உள்ளது. குறைந்தது 35 ஆண்டு பழமையான கார்களுக்கான திட்டம் அது. அதில் உள்ள காரை ஆண்டுக்கு 45 நாள்கள் வரை மட்டுமே சாலையில் ஓட்டலாம். எனவே ஒவ்வொரு நாளும் எங்களுக்கு அருமையானது.

எழுபத்தெட்டு வயதான பெரியப்பா இப்போது கார் ஓட்டுவதில்லை. கண் பார்வை இடம் தரவில்லை. அவருடைய மகள், என் அக்கா, ஓட்டுகிறார். சென்ற ஆண்டு அந்தக் காரின் ஸ்டார்ட்டர் மோட்டார் அடிக்கடி முரண்டு பிடித்தது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஓசை மட்டும் கேட்கும். ஒருநாள் போக்குவரத்து விளக்கருகே கார் நின்றுபோய், பின்னால் வாகனங்கள் வரிசையாக ஹாரன் அடித்தன. அன்று மாலை அக்கா, “அப்பா, இப்படியே இருந்தால் என்னால் இதை ஓட்ட முடியாது. விற்றுவிடலாம்,” என்றார். பெரியப்பா பதில் பேசவில்லை. இரவுச் சாப்பாட்டையும் தொடவில்லை.

அடுத்த வாரம் மூவரும் கேலாங்கிற்குப் போனோம். கேலாங் சாலையிலிருந்து பிரியும் லோரோங்குகளுள் ஒன்றில், கடைவீடுகளுக்கு நடுவே, ஒரு பழைய பட்டறை இருக்கிறது. பக்கத்துக் கடையின் டுரியான் வாசமும் பட்டறையின் எண்ணெய் வாசமும் கலந்து வரும். அங்குள்ள சீன மெக்கானிக்கை நாங்கள் 'அங்கிள்' என்றே அழைப்போம். அவரும் பெரியப்பாவும் எப்போதும் மலாயில்தான் பேசிக்கொள்வார்கள்.

அங்கிள் உடனே மோட்டாரைக் கழற்றவில்லை. முதலில் பேட்டரியின் மின்னழுத்தத்தை அளந்தார். இந்தக் காரில் இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. இரண்டும் நன்றாகவே இருந்தன. அடுத்து, இயந்திரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் பின்னல் கம்பியைப் பார்த்தார். இயந்திரம் ரப்பர்த் தாங்கிகள்மீது அமர்ந்திருப்பதால் மோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டம் அந்தக் கம்பி வழியாகத்தான் திரும்ப வேண்டும். அதன் முனைகளில் துரு படிந்திருந்தது. சுரண்டித் துடைத்ததும் நிலைமை சற்று மேம்பட்டது. ஆனால், குறை முற்றிலும் தீரவில்லை. பிறகுதான் மோட்டாரைக் கழற்றிப் பிரித்தார். உள்ளே இருந்த கார்பன் பிரஷ்களும் தண்டைத் தாங்கும் புஷ்களும் தேய்ந்திருந்தன.

இப்போது இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பழைய மோட்டாரைப் புதுப்பிப்பது. மற்றொன்று, கியர் பொருத்திய புதுவகை மோட்டாரை வாங்குவது.

பழைய மோட்டாரின் தண்டில் திருகுமரை வெட்டப்பட்டிருக்கும். தண்டு திடீரென்று சுழலும்போது, அதன்மேல் உள்ள சிறிய பற்சக்கரம் மரை வழியே ஓடி, இயந்திரத்தின் பெரிய பல்வளையத்தில் மோதிப் பொருந்தும். புதுவகை மோட்டாரில் ஒரு மின்காந்தம் பற்சக்கரத்தை முதலில் பல்வளையத்தில் பொருத்தும்; அதன் பின்னரே மோட்டார் முழு வேகத்தில் சுழலும். அதனால் பற்கள் தேய்வது குறைவு. மேலும், வேகமாகச் சுழலும் சிறிய மோட்டாரின் வேகத்தைக் கியர் குறைத்து, அதன் சுழற்று விசையைப் பெருக்கித் தரும்.

“அப்படியானால் புதியதையே வாங்கிவிடலாமே?” என்று அக்கா கேட்டார். அங்கிள் தலையசைத்துவிட்டு, பார்க்க வேண்டியவற்றை விரல்விட்டு எண்ணினார். 1967ஆம் ஆண்டுவாக்கில் எம்ஜிபி காரின் அமைப்பு மாறியது. பிற்காலக் கார்களுக்கான மோட்டார் இதில் பொருந்தாது. பல்வளையத்துக்கும் பின்தகட்டுக்கும் ஏற்றதாகக் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது மின்முனை. இந்தக் காரில் பேட்டரியின் நேர்முனை காரின் உடலோடு இணைந்திருக்கிறது. இன்றைய கார்களில் எதிர்முனை இணைந்திருக்கும். மோட்டாருக்குள் நிலைக்காந்தம் இருந்தால், மின்னோட்டத்தின் திசை மாறும்போது மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். காந்தத்துக்குப் பதிலாகக் கம்பிச்சுருள் இருந்தால், அதிலும் சுழலும் பகுதியிலும் மின்னோட்டம் ஒருசேரத் திசைமாறுவதால் மோட்டார் சுழலும் திசை மாறாது. அறிவியல் பாடத்தில் படித்தது ஒரு பட்டறையில் இவ்வளவு பயன்படும் என்று நான் நினைத்ததில்லை.

பெரியப்பா அதுவரை பேசவில்லை. பிறகு மெல்ல, “ஒரிஜினல் மோட்டாரை எடுத்துவிட்டால் இது பழைய கார் ஆகுமா?” என்றார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது எது? அதேசமயம், ஓட்டுவதற்கு ஆளில்லாமல் நிற்கும் காரை முழுமையாகப் பாதுகாத்து என்ன பயன்?

“புதியதைப் பொருத்த எதையும் வெட்டவோ துளையிடவோ வேண்டாம்,” என்றார் அங்கிள். “பழையதை நான் புதுப்பித்துத் தருகிறேன். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வேண்டும்போது மாற்றிவிடலாம்.”

பெரியப்பா அக்காவைப் பார்த்தார். “ஓட்டப்போவது நீதானே, அம்மா? உனக்குப் பயமில்லாமல் இருக்க வேண்டும். புதியதையே போடட்டும்,” என்றார். என் மனத்திலிருந்த பாரமும் இறங்கியது.

கம்பிச்சுருள் கொண்ட புதிய மோட்டார் சில வாரங்களில் வந்து சேர்ந்தது. பழைய மோட்டாரைப் புதுப்பித்து, எண்ணெய் தடவிய துணியில் சுற்றி, ஒரு பெட்டியில் வைத்தோம். எந்தக் காருடையது, எப்போது கழற்றியது என்று பெரியப்பா தமிழில் எழுதிப் பெட்டியின்மேல் ஒட்டினார். அவருடைய பேரப்பிள்ளைகள் ஒருநாள் அதைத் திறக்கக்கூடும். அப்போது எதைப் பொருத்துவது என்று அவர்களே முடிவு செய்யட்டும்.

பட்டறை வாசலில் அக்கா சாவியைத் திருப்பினார். சுருக்கமான, கீச்சென்ற புதிய ஒலி. மறுநொடியே இயந்திரம் தன் பழைய கனத்த குரலில் முழங்கியது. பெரியப்பா பக்கத்து இருக்கையில் அமர்ந்து கண்களை மூடிச் சற்று நேரம் அதைக் கேட்டார்.

பிறகு அக்காவிடம், “இந்த ஆண்டுக்கு இன்னும் எத்தனை நாள் மீதம் இருக்கிறது?” என்று கேட்டார்.