லயத்துக்கு வந்த மருமகள்

மலைநாட்டுப் புகைவண்டிப் பாதையில் நாவலப்பிட்டியைக் கடந்து ஹற்றனை எட்டுமுன் வருவது வட்டவளை. தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதிக் கொட்டித் தீர்க்கும் மேற்குச் சரிவு அது. ஆண்டொன்றுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை காணும் இடங்களுள் ஒன்று. வைகாசி பிறந்துவிட்டால் துவைத்த சேலை அடுப்புச் சூட்டிலன்றி உலர்வதில்லை. இத்தகைய ஊரில் ஒருவர் வீட்டு இஸ்தோப்பில் மற்றவர் ஒதுங்குவதை விருந்தோம்பல் என்று சொல்வது மிகை.

மேலைநாடுகளில் இன்று ‘கூட்டுக்குடியிருப்பு’ என்றோர் இயக்கம் வளர்ந்து வருகிறது. பிள்ளைக்கு நூறு பெற்றோர் வேண்டும் என்ற கருத்தை 1967 இல் டென்மார்க்கில் போடில் கிரா என்ற பெண்மணி எழுதினார். அக்கருத்தால் ஈர்க்கப்பட்டோர் 1972 அளவில் கோபன்ஹேகனுக்கு வடக்கே 27 வீடுகளும் பொதுமனை ஒன்றும் கொண்ட குடியிருப்பை அமைத்தனர். அத்தகைய குடியிருப்புகளில் புதியவராகச் சேர விரும்புவோர் பொது உணவுக்கு வருவர். கூட்டங்களில் அமர்ந்து பார்ப்பர். மனம் ஒப்பினால் மட்டுமே குடிபுகுவர்.

லயத்துக்கு வருபவருக்கு அந்த வாய்ப்பு என்றுமே இருந்ததில்லை. கோப்பிக் காலத்தில் எழுந்து தேயிலையோடு பெருகிய லயம், வாழ்பவரின் விருப்பத்தைக் கேட்டுக் கட்டப்பட்டதன்று. விடியற்காலையில் பெரட்டுக்கு ஆட்களைத் திரட்ட வசதியாயிருத்தல் வேண்டும். செலவு குறைவாயிருத்தல் வேண்டும். இவ்விரண்டுமே துரைமாரின் கணக்கு. ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது பரவலான அளவு. பழைய லயங்கள் பலவற்றில் இடைச்சுவர் கூரையைத் தொடுவதுமில்லை. இருமல், சண்டை, தாலாட்டு யாவும் எல்லார்க்கும் பொது. இதனைச் சமத்துவ வாழ்வென்று புகழ்வோர் அங்கு ஓரிரவு படுத்துறங்கிப் பார்த்தல் நன்று.

எனினும், திணிக்கப்பட்ட அந்த நெருக்கத்துக்குள்ளேயும் புதியவரை ஏற்கும் முறையொன்றை மக்கள் தாமே ஆக்கிக்கொண்டனர்.

1978 இல் பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து வட்டவளைத் தோட்டமொன்றுக்கு மருமகளாக வந்தவள், இன்று அறுபதைத் தாண்டிய மூதாட்டி. வந்த மறுநாள் இருட்டோடு குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள். வரிசையில் எங்கு நிற்பதென்று தெரியாமல் ஒதுங்கி நின்றாள்.

“எந்த வீட்டு மருமக நீ?” என்றாள் ஒருத்தி.

“தொங்க வீடுங்க.”

“அப்ப எனக்கும் மருமகதான். ‘அத்தை’ன்னு கூப்பிடு. கொடத்த இங்கிட்டு வையி.”

அவ்வளவே வரவேற்பு. ஆனால் அந்த ஒரு சொல்லில் பலவும் அடங்கியிருந்தன. கைப்பிள்ளைக்காரிக்கு முதலில் தண்ணீர் விடுவது, மலையில் எந்த நிரையில் அட்டைக்கடி அதிகம், எந்தக் கங்காணியிடம் வாயைத் திறக்கலாகாது என்பவற்றையெல்லாம் மாமியார் சொல்லித் தரவில்லை. பீலியில் கிடைத்த அத்தையே சொல்லித் தந்தாள். முதற்பிள்ளை பிறந்தபோது அதனை இடுப்பில் சுமந்தவர்களின் எண்ணிக்கையைக் கிழவியால் இன்று கூற இயலாது. டென்மார்க்குக்காரர் விரும்பிய நூறு பெற்றோர் அங்கே கேளாமலே கிடைத்தனர்.

அந்த ‘அத்தை’ எல்லார்க்கும் வழங்கப்பட்டதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். லயங்களைச் சாதி பார்த்துப் பிரித்த கங்காணி காலத்து வழக்கம் முற்றாக ஒழிந்துவிடவில்லை. மேட்டு லயத்தாள் பணிய லயத்தாளைப் பெயர் சொல்லியே அழைத்தாள். 1977 வன்செயலில் அடிபட்டு, உறவு தேடி வேறு தோட்டங்களுக்குச் சென்றோர் உளர். வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்று குடியேறியோர் பலர். அங்கே அவர்கள் நெடுங்காலம் ‘தோட்டக்காட்டார்’ ஆகவே இருந்தனர். தமிழும் ஒன்று, தெய்வமும் ஒன்று. உறவுமுறைச் சொல் மட்டும் எளிதில் வாயில் வரவில்லை.

இப்போது லயங்களுக்குப் பதிலாகத் தனிவீடுகள் எழுகின்றன. இந்திய உதவியுடன் முதலில் 4000 வீடுகள் திட்டமிடப்பட்டன. 2017 இல் நோர்வூட்டில் மேலும் 10,000 அறிவிக்கப்பட்டன. வீட்டுக்கு ஏழு பேர்ச் நிலம் என்பது அப்போதைய அளவு. தேவையோடு ஒப்பிட்டால் இது சிறு தொகையே. ஆயினும், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பிறர் கூரையின் கீழ்க் கிடந்த சமூகத்துக்குத் தன் வாசல், தன் கதவு என்பது பெரும்பேறு. அதனைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை.

ஆனால், புதுக் குடியிருப்பில் பல லயங்களிலிருந்து வந்தோர் அடுத்தடுத்து வாழ நேர்கிறது. எல்லாருமே புதியவர், எனவே வரவேற்கப் பழையவர் என்று எவருமில்லை. தண்ணீர் குழாய் வழியே வீட்டுக்குள் வருகிறது. வரைபடத்தில் நால்வர் கூடி நிற்கும் இடமென்று ஒன்றுமில்லை.

கிழவிக்கும் அத்தகைய வீடொன்று கிடைத்தது. குடிபுகுந்த முதல் மாதம் அயலார் எவரும் வரவில்லை. அவளுக்கு அது புரியவேயில்லை. யாரேனும் கோபித்துக்கொண்டார்களோ என்று மகனைக் கேட்டாள். பின்பு ஒருநாள் ரொட்டி சுட்டுத் தட்டில் வைத்து, மழையோடு மழையாக நான்கு கதவுகளைத் தட்டினாள். மூன்று திறந்தன. நான்காவது வீட்டார் கொழும்பில் வேலை செய்பவர்கள், தீபாவளிக்குத்தான் வந்தார்கள். வந்தவர்களிடம் முதற்கேள்வியாகச் சொந்த ஊர் எது, எந்த லயம் என்று கேட்டாள். பணிய லயம் என்றார்கள். கிழவி சற்று நேரம் பேசாதிருந்தாள். பின்பு அவ்வீட்டு மருமகளிடம், “என்னய அத்தைன்னு கூப்பிடு” என்றாள்.

அவர்கள் மீண்டும் கொழும்புக்குப் போகையில் வீட்டுத் திறப்பை அவளிடம் கொடுத்துச் சென்றனர். அது இப்போது அவள் குசினிச் சுவரில், ஆணியொன்றில் தொங்குகிறது.