கொடியும் கொழுகொம்பும்

தானே நிமிர்ந்து நிற்கும் வலிமை இல்லாத தண்டினை உடையது கொடி. மரம் தன் உணவில் ஒரு பகுதியை அடிமரத்தைத் தடிக்கச் செய்வதில் செலவிடுகிறது. கொடியோ அச்செலவைத் தவிர்த்து, வேறொன்றைப் பற்றிக்கொண்டு விரைந்து மேலேறிக் கதிரொளியைப் பெறுகிறது. அது பற்றி ஏறும் துணையைக் கொழுகொம்பு என்பது தமிழ் வழக்கு.

பறம்பு மலையை ஆண்ட பாரி, படரத் துணையின்றித் தளர்ந்த முல்லைக்குத் தன் தேரையே விட்டுச் சென்றான் என்று சங்க இலக்கியம் போற்றுகிறது. அவனது கொடையைப் புகழ்வோர் பலர். அந்நிகழ்ச்சியில் அடங்கியுள்ள எளிய தோட்டக்கலை உண்மையை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அக்கொடிக்கு அப்போது வேண்டியிருந்தது நீரன்று, எருவன்று. பற்றுவதற்கு ஒரு துணை. வீட்டில் கொடி வளர்க்க விரும்புவோர் முதலில் உணர வேண்டியதும் இதுவே. கொடியை நடுகின்றவர், அது வாழும் நாள்வரை அதற்குத் துணை தருவதாக ஒப்புக்கொள்கிறார். எந்தக் கொடியை நடுவது என்னும் கேள்விக்கு முன்னால், எதை அதற்குத் துணையாகத் தர இயலும் என்னும் கேள்வி நிற்கிறது.

திருவில்லிபுத்தூரிலிருந்து ஒரு பதியன்

திருவில்லிபுத்தூர் பூந்தோட்டத்தோடு பிணைந்த ஊர். பெரியாழ்வார் அங்கு நந்தவனம் அமைத்து, வடபத்திரசாயிக்கு நாள்தோறும் மாலை தொடுத்து அளித்தார். அந்நந்தவனத்தில் துளசிச் செடியருகே அவர் கண்டெடுத்து வளர்த்த மகளே ஆண்டாள் என்பது மரபு. கோதை என்னும் அவரது பெயருக்கு மாலை என்பது பொருள். சூடிக்கொடுத்த சுடர்க்கொடி என்று அவரைக் கொடியாகவே உருவகித்து அழைப்பர். ஆண்டாள் சூடிய மாலை இன்றும் சித்திரையில் மதுரை அழகருக்கும், புரட்டாசியில் திருமலைப் பெருவிழாவுக்கும் சென்று சேர்கிறது.

அவ்வூரில் பிறந்த பெண்ணொருத்தி, திருமணமாகி இராசபாளையத்திற்கு வந்தபோது தாய்வீட்டுக் கிணற்றடி முல்லையின் பதியன் ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவே. கணவர் நூற்பாலைத் தொழிலாளி. வீட்டின் மேற்கே நின்ற முருங்கை மரத்தடியில் அவர் அப்பதியனை நட்டார். கொடி இரண்டே ஆண்டுகளில் முருங்கையின் கிளையெங்கும் படர்ந்தது. மூன்றாம் ஆண்டு ஆடிக்காற்றில் முருங்கை பாதியாகப் பிளந்து சாய்ந்தது; கொடியும் உடன் விழுந்து, தண்டு கிழிந்தது.

கணவர் மரத்தை நொந்துகொண்டார். மனைவியோ, “மரத்தக் குத்தம் சொல்லி என்னங்க செய்ய? முருங்க முறியும்னு நமக்குத் தெரியாதா? நாமதான கொண்டுபோய் அதுல ஏத்திவிட்டோம்” என்றார்.

அச்சொல் அவர் மனத்தில் தங்கியது. கிழிந்த தண்டை அடியோடு வெட்டிவிட்டு, வேரைக் காத்தார். கல்தூண்கள் நான்கு நட்டுக் கம்பி இழுத்துப் பந்தல் அமைத்த பின்னரே, புதிதாய்த் துளிர்த்த கொடியை அதன்மேல் ஏற்றினார். அப்பந்தல் 30 ஆண்டுகள் நின்றது.

பற்றும் முறை

எல்லாக் கொடிகளும் ஒரே வகையில் ஏறுவதில்லை. அவரையும் சங்குப்பூவும் தண்டினாலேயே சுற்றிக்கொண்டு ஏறும். இவற்றிற்கு மெல்லிய கழியோ கயிறோ வேண்டும். பருத்த தூணை இவற்றின் இளந்தண்டு வளைத்துப் பிடிப்பது அரிது. பாகல், பீர்க்கு, புடல், சுரை, பிரண்டை ஆகியவை பற்றுக்கம்பியால் பிடிப்பவை. இவற்றிற்குச் சணல் வலையோ முள்விறகோ ஏற்றது. செங்காந்தளின் இலைநுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிறது. வெற்றிலையும் மிளகும் கணுவில் தோன்றும் வேர்களால் மரப்பட்டையில் ஒட்டி ஏறும். காகிதப்பூவும் தூதுவளையும் முள்ளை மாட்டிக்கொண்டு பிறவற்றின்மேல் சாய்ந்து ஏறும். முல்லையையும் பிச்சியையும் தொடக்கத்தில் கட்டிவிட்டு வழிகாட்ட வேண்டும்.

கொடிகளின் அசைவுகளை உற்றுநோக்கிய சார்லசு டார்வின், 1865இல் அவற்றைப் பற்றி ஆய்வுரை எழுதினார். 1875இல் அது நூலாக விரிந்தது. பற்றுக்கம்பி ஒன்றைப் பிடித்ததும் சுருள்வில் போலச் சுருள்வதையும், காற்று வீசும்போது அச்சுருள் நீண்டு குறுகுவதால் கொடி அறுபடாமல் தப்புவதையும் அவர் விளக்கினார். பாகற்கொடியின் பற்றுக்கம்பியை அருகிருந்து நோக்கினால், சுருள் நடுவில் திசைமாறிச் சுருண்டிருப்பதை யாரும் காணலாம்.

ஆலைத் தொழிலாளிக்கு இந்நூல் தெரியாது. எனினும் நூலின் இயல்பு தெரியும். அறுந்த இழையை நாள்முழுதும் இணைத்துப் பழகிய கை அவருடையது. கம்பியால் இறுக்கிக் கட்டினால், தண்டு பருக்கும்போது கட்டு அதனை அறுக்கும் என்பதை அவர் எளிதில் உணர்ந்தார். பழைய பருத்தித் துணியைக் கிழித்து, எட்டு வடிவில் தளர்த்தியே கட்டினார். ஆண்டுதோறும் அக்கட்டுகளை அவிழ்த்துப் புதிதாகக் கட்டுவதும் அவர் வழக்கம்.

இடமும் காலமும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இவ்விரு ஊர்களும் அமைந்துள்ளன. ஆனி, ஆடி மாதங்களில் மலையைக் கடந்து வரும் மேல்காற்று வலியது. பெருமழை தருவதோ ஐப்பசி, கார்த்திகை மாதங்களே. ஆதலால் பந்தற்கால் ஆழமாக ஊன்றப்பட வேண்டும். மேற்குச் சுவரை ஒட்டிப் படரும் கொடி, பிற்பகல் வெயிலைத் தான் ஏற்று வீட்டைக் குளிர்விக்கும். ஆனால் கொடியைச் சுவரின்மேல் நேரே ஏற்றாமல், ஒரு சாண் தள்ளிக் கம்பி கட்டி ஏற்றுவது சுவருக்கும் கொடிக்கும் நன்று.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது பழமொழி. ஆடியில் விதைத்த பந்தல் அவரை, பகற்பொழுது குறுகும் பனிக்காலத்தில் பூக்கும். காலம் தவறி விதைத்தால் இலை மட்டுமே செழிக்கும். பாகல், புடல் போன்றவற்றிற்கு ஒன்றரை அடிக் குழி எடுத்து, மக்கிய தொழுவுரம் இட்டு, ஐந்து விதை ஊன்றி, வலிய நாற்று இரண்டை மட்டும் நிறுத்துவர்.

அழகை மட்டும் கருதித் தேர்ந்தெடுப்பதும் கூடாது. தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தள் கண்ணைக் கவரும்; அதன் கிழங்கோ கொடிய நஞ்சு. சிறு குழந்தைகள் உள்ள வீட்டிற்கு அது பொருந்தாது. காகிதப்பூ குறைந்த நீரில் வாழும். ஆயினும் முல்லையோடு ஒரே பந்தலில் ஏற்றினால் முல்லையை மூடிவிடும்.

பேணுதல்

நீரைத் தண்டின் அடியில் தேக்காமல், வேர் பரவிய வட்டத்தில் விட வேண்டும். காய்ந்த இலையால் மண்ணை மூடி வைத்தால் கோடையில் ஈரம் காக்கப்படும். முல்லையைத் தை மாதத்தில் கவாத்து செய்வர். புதுத்தளிரிலேயே மிகுதியாய் அரும்பு கட்டும்.

பூக்கும் நேரத்தை அறிவதும் பேணுதலின் ஒரு பகுதி. பாகற்பூ காலையில் மலரும். பீர்க்கம்பூ மாலையில் விரியும். நூல்நூலாகப் பிரிந்த புடலம்பூ இரவில் மலரும். இவற்றில் ஆண்பூவும் பெண்பூவும் வேறுவேறு. தேனீயும் அந்துப்பூச்சியும் வந்தால்தான் காய் உண்டு. ஆதலால் பூச்சிமருந்தைத் தவிர்த்து, பிஞ்சைத் துணிப்பையால் மூடிக் காய் ஈயிடமிருந்து காப்பதே வீட்டுத்தோட்டத்திற்கு ஏற்றது. புடலம்பிஞ்சின் நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டுக் காயை நேராக வளர்ப்பதும் நம் மக்கள் அறிந்த நுட்பம்.

மீண்டும் ஒரு பந்தல்

பதியனைக் கொண்டுவந்த அப்பெண் மறைந்து சில ஆண்டுகள் கழிந்தன. மகனுக்கு இரண்டு பிள்ளைகள். வீட்டில் இடம் போதவில்லை. பந்தல் நின்ற இடத்தில்தான் புதிய அறை எழுப்ப முடியும். மகன் தயங்கித் தயங்கி இதனைச் சொன்னபோது தந்தை மறுக்கவில்லை. “நாலு மாசம் பொறுத்துக்கோ, அப்புறம் வேலைய ஆரம்பி” என்று மட்டும் கேட்டார்.

அந்தப் புரட்டாசியில், முற்றிய கொடிகள் மூன்றை அவர் தரைக்கு வளைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு கணுவின் கீழே பட்டையைச் சிறிது சீவி, அப்பகுதியை மண்ணில் புதைத்து, மேலே கல் வைத்தார். தாய்க்கொடி ஊட்டிக்கொண்டிருக்கும்போதே புதைந்த கணு வேர்விடும். வேர்விட்ட பின்னரே தாயிடமிருந்து அறுக்க வேண்டும். மழைக்காலம் முடிந்து தை பிறந்தபோது இரண்டு பதியன்கள் வேர்பிடித்திருந்தன, ஒன்று பட்டுப்போயிற்று.

ஒன்றைத் திருவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்ட மகள் கேட்டார். தந்தை உடனே கொடுக்கவில்லை. மகள் வீட்டு முற்றத்தில் கால் ஊன்றி, கம்பி இழுத்து முடித்த செய்தி வந்த பின்னரே, வேரடி மண்ணை ஈரச்சாக்கில் சுற்றிப் பேருந்தில் எடுத்துச் சென்றார். மற்றொன்றுக்கு எங்கே இடம் என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தபோது, புதிய அறையின் மேற்குச் சன்னலுக்கு மேலே மகன் தானே இரண்டு இரும்புக் கொக்கிகளைப் பதித்து, கம்பி கட்டியிருந்தான். ஒரு சாண் இடைவெளியும் விட்டிருந்தான்.

பழைய முல்லையை வெட்டிய நாளில் யாரும் அதிகம் பேசவில்லை. அடுத்த ஆண்டு, மகளின் பந்தலில் முதல் அரும்பு கட்டியது. விரியுமுன் மாலையில் அவற்றைக் கொய்தபோது ஒரு கைப்பிடிகூட நிறையவில்லை. தாய் பிறந்த ஊருக்கே அம்முல்லை திரும்பியிருந்தது. 12 கிலோமீட்டர் தொலைவைப் போய்வர, அதற்கு 30 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலமும் இரண்டு பந்தல்களும் வேண்டியிருந்தன.