பார்சலில் வந்த முட்டை ஏன் பொரிக்கவில்லை?

நாட்டுக்கோழி முட்டைக்குக் கிராமத்தில் இரண்டு விலை உண்டு. சமையலுக்குப் போகும் முட்டைக்கு ஒரு விலை, அடை வைக்கக் கேட்டால் இன்னொரு விலை. சிறுவிடை, பெருவிடை, கருங்கோழி என்று இனம் சொல்லி விற்கும் முட்டைக்கு அதற்கும் மேலே. முன்பெல்லாம் இந்த முட்டைகள் பக்கத்து ஊர் தாண்டிப் போனதில்லை. சம்பந்தி வீட்டிலிருந்து மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள், அவ்வளவுதான். இப்போது போனில் பேசி, பணம் அனுப்பி, பஸ் பார்சலில் நாலு மாவட்டம் தாண்டி வரவழைக்கிறார்கள்.

வந்த முட்டை பொரித்துவிட்டால் பேச்சே இல்லை. பொரிக்காவிட்டால்தான் சண்டை. வாங்கியவர், "கூமுட்டையைத் தலையில் கட்டிட்டான்" என்பார். விற்றவர், "உங்க இன்குபேட்டர் சரியில்லை" என்பார். இரண்டு பேரும் நல்லவர்களாகவே இருக்கலாம். காரணம் பெரும்பாலும் பொரிக்காத முட்டைக்குள்ளேயே இருக்கிறது. அதை யாரும் உடைத்துப் பார்ப்பதில்லை. நாற்றம் அடிக்கும் என்று குப்பைக்குழியில் வீசிவிடுகிறார்கள்.

தாராபுரம் பக்கத்துக் குடும்பம் ஒன்று உடைத்துப் பார்த்தது. இரண்டு ஏக்கர் காடு, ஒரு கறவை மாடு, கொல்லையில் இருபது கோழி. இதுதான் அவர்கள் சொத்து. கோழிக் கணக்கு முழுக்க மருமகள் கையில். பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம், பஸ் செலவு எல்லாம் முட்டைக் காசில்தான் ஓடியது. மாசி மாதம் வெள்ளைக்கழிச்சல் வந்து ஒரே வாரத்தில் கொல்லை காலியானது. தடுப்பூசி போட்டிருக்கவில்லை.

மறுபடியும் தொடங்க நல்ல சிறுவிடை வேண்டும் என்று விசாரித்ததில், பரமக்குடி பக்கம் ஒருவர் வளர்ப்பது தெரிந்தது. முட்டை 25 ரூபாய். 30 முட்டைக்கு 750, பார்சலுக்கு 150, ஆக 900 ரூபாய். பால் காசில் மிச்சம் பிடித்த பணம் அது. மாமியாருக்கு இதில் நம்பிக்கை இல்லை. "அம்மிணி, அவயக்கோழி இல்லாம பொட்டிக்குள்ள வெச்சு எப்படிப் பொரிக்கும்? அதுவும் பஸ்ஸுல ஆட்டி வந்த முட்டை" என்றார். அடைக்குப் படுக்க ஒரு கோழிகூட மிஞ்சவில்லையே என்பது மருமகளின் பதில்.

மீன் வரும் தெர்மாகோல் பெட்டியில் பல்பு, சின்ன காற்றாடி, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி வைத்து உள்ளூர் எலக்ட்ரீஷியன் ஒருவர் இன்குபேட்டர் செய்து கொடுத்தார். சித்திரை மாதக் கடைசியில் முட்டை வந்தது. பகல் பஸ்ஸில் ஏற்றி, மதுரையில் வண்டி மாறி, மறுநாள் மதியம் கைக்குக் கிடைத்தது. இரண்டு உடைந்திருந்தன. ஒன்றில் மயிரிழை விரிசல். மீதி 27 முட்டையையும் அன்று மாலையே பெட்டியில் வைத்தார்கள். கூடவே எதிர்வீட்டில் வாங்கிய 8 முட்டையையும் மாமியார் கொண்டுவந்து வைத்தார். "இதாவது பொரிக்கும்" என்று சொல்லித்தான் வைத்தார். அந்த 8 முட்டைதான் பிற்பாடு சாட்சி சொன்னது.

சாட்சி சொன்ன முட்டைகள்

21 நாள் முடிந்தபோது எதிர்வீட்டு முட்டை எட்டில் ஏழு பொரித்தது. பார்சல் முட்டை 27-ல் ஆறுதான் பொரித்தது. "ஏமாத்திட்டான். போன் போட்டு நாலு வார்த்தை கேக்கறேன்" என்று கணவர் கிளம்பினார். "இருங்க மாமா, பாத்துட்டுக் கேளுங்க" என்றார் அந்தப் பெண். ஏழாம் நாளும் பதினெட்டாம் நாளும் டார்ச் வெளிச்சத்தில் பார்த்து, கழித்த முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்துக் காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார்.

அந்தக் கணக்கு இப்படி இருந்தது. கரு கூடாத முட்டை 3. வளர ஆரம்பித்து ஓரிரு நாளில் நின்றது 8. ரத்த வளையம் கட்டி நின்றது 5. நடுவில் இறந்தது 3. முழுக் குஞ்சாகி ஓட்டுக்குள்ளேயே இறந்தது 2. பொரித்தது 6.

இந்த ஒரு தாள் சண்டையை நிறுத்தியது. எதிர்வீட்டு முட்டை எட்டில் ஏழு பொரித்த பெட்டியைக் குறை சொல்ல முடியாது. சேவல் கூடாததால் வீணானது மூன்றே மூன்று. விற்றவரின் பொறுப்பில் வருவது அவ்வளவுதான். 13 முட்டை முதல் சில நாளிலேயே நின்றிருக்கிறது. அங்கே முட்டை எத்தனை நாள் இருந்தது, வழியில் எவ்வளவு வெயில் பட்டது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

அவர் கூப்பிட்டுப் பேசியபோது விற்றவரும் மறைக்கவில்லை. 30 சேர்வதற்காகப் பத்து நாள் முட்டைகூடக் கலந்திருந்தது என்று சொன்னார். பத்து முட்டை சும்மா தருகிறேன் என்றார். "மூணு முட்டைக்கு மட்டும் கணக்குப் பாருங்கண்ணா. மத்ததுக்கு அனுப்பற விதத்தை மாத்திக்கலாம்" என்றார் இவர்.

உடைத்தால் என்ன தெரியும்?

ஏழாம் நாளில் டார்ச் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரியும் முட்டை எல்லாமே கூடாத முட்டை அல்ல. தட்டில் உடைத்து ஊற்றினால் வித்தியாசம் தெரியும். கரு கூடாத முட்டையில் மஞ்சள் கருவின் மேல் சின்ன வெள்ளைப் புள்ளி மட்டும் இருக்கும். வளர ஆரம்பித்து நின்ற முட்டையில் அந்தப் புள்ளி விரிந்து, ரூபாய்க் காசு அகலத்துக்கு வெளிறிய படலமாக இருக்கும். இது வெயிலும் நாட்பட்ட முட்டையும் செய்யும் வேலை.

ரத்த வளையம் என்றால் நரம்பு ஓடி, பிறகு இறந்தது என்று அர்த்தம். பயண அதிர்ச்சி, பழைய முட்டை, பெட்டியின் சூடு ஏறி இறங்கியது என எதுவும் காரணமாகலாம். அதனால்தான் உள்ளூர் முட்டை நாலைந்தாவது கூட வைக்க வேண்டும். அதுவும் சேர்ந்து இறந்தால் பெட்டியைப் பார்க்க வேண்டும். கடைசி நாளில் ஓட்டுக்குள் இறந்தால் ஈரப்பதம், வெப்பம், திருப்பியதில் குறை, அல்லது காற்றறை இடம் மாறியது காரணமாக இருக்கும்.

காற்றறை என்பது முட்டையின் அகன்ற முனையில் இருக்கும் காலி இடம். குஞ்சு ஓட்டை உடைப்பதற்கு முன் முதல் மூச்சு விடுவது அங்கேதான். ஆட்டத்தில் அதன் உள்தோல் பிய்ந்துவிட்டால், டார்ச் அடித்து முட்டையைச் சாய்க்கும்போது குமிழி பக்கவாட்டில் நகரும். பார்சல் முட்டையின் பெரிய சிக்கல் இதுதான். வெளியே ஓடு முழுசாக இருக்கும், உள்ளே அடி பட்டிருக்கும்.

இரண்டாம் தடவை

கார்த்திகையில் மறுபடி 24 முட்டை கேட்டார்கள். மூன்று சும்மா, 21-க்குக் காசு. 525 ரூபாயும் பார்சல் 150-ம் சேர்த்து 675. இந்த முறை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டார்கள். நாலு நாளுக்கு உட்பட்ட முட்டை மட்டும். இட்ட தேதி பென்சிலில் எழுதியிருக்க வேண்டும். கழுவக் கூடாது, ஓட்டின் மேல் இருக்கும் இயற்கையான பூச்சு போய்விடும். ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. வீட்டில் குளிர்ச்சியான மூலையில், கூர்முனை கீழே இருக்கும்படி வைக்க வேண்டும். ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி, உமி நிரப்பிய பெட்டியில் அசையாமல் அடுக்க வேண்டும். சாயங்கால வண்டியில் ஏற்றி விடிவதற்குள் வந்து சேர வேண்டும். என்ஜின் பக்கமும் வேண்டாம், கூரையும் வேண்டாம்.

விடியற்காலையில் கணவர் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து வாங்கினார். பைக்கின் பின்னால் கட்டாமல் மடியில் வைத்து டவுன் பஸ்ஸில் கொண்டுவந்தார். ஒன்றுகூட உடையவில்லை. ஆனாலும் உடனே பெட்டியில் வைக்கவில்லை. கூர்முனை கீழாக முட்டை அட்டையில் நிறுத்தி, ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விட்டார்கள். ஆடிப்போன உள்பாகம் நிலைக்கு வர இந்த ஓய்வு தேவை.

டார்ச் அடித்துப் பார்த்ததில் ஐந்து முட்டையின் காற்றறை ஆடியது. அவற்றின் மேல் அடையாளம் போட்டார்கள். முட்டைகளைப் படுக்க வைக்காமல் அட்டையிலேயே நிறுத்தி வைத்தார்கள். முதல் இரண்டு நாள் அசைக்கவில்லை. மூன்றாம் நாளிலிருந்து அட்டையோடு சேர்த்து ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம் சாய்த்து வைத்தார்கள். காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை. பதினெட்டாம் நாளோடு நிறுத்திவிட்டார்கள்.

காற்றாடி உள்ள பெட்டியில் வெப்பம் 37.5 முதல் 37.8 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். கருவியில் தெரியும் எண்ணை மட்டும் நம்பாமல், காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை முட்டை மட்டத்தில் வைத்துச் சரிபார்ப்பது நல்லது. ஈரப்பதம் முதல் 18 நாள் 50 முதல் 55 சதவிகிதம், கடைசி 3 நாள் 65 முதல் 70. ஈரமானி இல்லாதவர்களுக்கு எடை போடுவதே வழி. 18 நாளில் முட்டை எடையில் 11 முதல் 13 சதவிகிதம் குறைய வேண்டும். இவர்கள் பத்து முட்டையைச் சேர்த்து எடை போட்டார்கள். முதல் நாள் 420 கிராம், பதினெட்டாம் நாள் 370 கிராம். சரியான குறைவு. குறைவு போதவில்லை என்றால் தண்ணீர்த் தட்டைச் சிறிதாக்க வேண்டும், அதிகமாகக் குறைந்தால் பெரிதாக்க வேண்டும். இடையில் ஏழாம் நாள், பதினாலாம் நாள் எடை பார்த்தால் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும்.

பதினாறாம் நாள் இடி மழையில் நாலு மணி நேரம் கரண்ட் போனது. மாமியார் ஓடிப்போய் ஒரு இரும்பு ஆணியும் அடுப்புக்கரியும் எடுத்துவந்து பெட்டி மேல் வைத்தார். அடைக்கூடையில் இடிக்கு வைக்கும் பழக்கம். அதில் கெடுதல் ஒன்றும் இல்லை. மருமகள் பெட்டியைத் திறக்காமல், காற்றுத் துளைகளை மட்டும் விட்டு, கம்பளி போட்டு மூடினார். இரண்டாம் வாரத்துக்கு மேல் குஞ்சே கொஞ்சம் சூடு உண்டாக்கும். அதற்குக் காற்றும் தேவை. கொஞ்ச நேரக் குளிர்ச்சியைக் கரு தாங்கிக்கொள்ளும். சூடு கூடினால்தான் தாங்காது.

இருபதாம் நாள் இரவில் முதல் ஓடு விரிந்தது. விரிசல் விட்டதிலிருந்து வெளியே வர 12 முதல் 24 மணி நேரம்கூட ஆகும். பலர் இந்த இடத்தில்தான் பொறுமை இழந்து ஓட்டைப் பிய்த்து விடுகிறார்கள். உள்ளே ரத்த நாளம் வற்றியிருக்காது, மஞ்சள் கரு வயிற்றுக்குள் முழுதாகப் போயிருக்காது. குஞ்சு ரத்தம் கசிந்து இறந்துவிடும். பெட்டியைத் திறந்து திறந்து மூடினால் ஈரம் போய் உள்தோல் குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். பொரித்த குஞ்சுக்கு உடனே தீனி போட வேண்டுமே என்ற கவலையும் வேண்டாம். வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கருவே இரண்டு நாளுக்குப் போதும். ரோமம் காய்ந்து உப்பியதும் எடுத்தால் சரி.

24-ல் 14 பொரித்தது. காற்றறை ஆடிய ஐந்தில் இரண்டும் அதில் சேர்த்தி. ஆகவே அப்படிப்பட்ட முட்டையை முதல் நாளே தூக்கிப்போட வேண்டியதில்லை.

கணக்கும் காவலும்

முதல் தடவை ஒரு குஞ்சு 150 ரூபாய்க்கு நின்றது. இரண்டாம் தடவை 48 ரூபாய். பார்சல் முட்டை எவ்வளவு கவனமாக வந்தாலும் உள்ளூர் முட்டை அளவுக்குப் பொரிக்காது. பாதி பொரித்தாலே நல்ல பலன் என்று நினைத்துத்தான் முட்டை எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும். அதிலும் பாதி சேவலாக இருக்கும். பத்துப் பெட்டை வேண்டும் என்றால் நாற்பது முட்டையாவது வாங்க வேண்டும் என்பதுதான் நடைமுறைக் கணக்கு. சித்திரை, வைகாசி வெயிலில் வாங்காமல் இருப்பது இன்னும் நல்லது. முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போகும் நோய்களும் உண்டு. எனவே தாய்க்கோழிகள் ஆரோக்கியமாக இருக்கின்றனவா, தடுப்பூசி போட்டிருக்கிறார்களா என்று விலை பேசும்போதே கேட்டுவிட வேண்டும்.

அந்த வீட்டில் குஞ்சுகளுக்கு முதல் வாரம் 35 டிகிரி சூடு கொடுத்தார்கள், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்தார்கள். வழுக்காமல் இருக்க உமி பரப்பி அதன்மேல் காகிதம் விரித்தார்கள். முதலில் வெல்லம் கலந்த தண்ணீர், பிறகு உடைத்த மக்காச்சோளமும் கம்பும். ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, எட்டாம் வாரம் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி. இரண்டையும் அந்தப் பெண் காலண்டரில் முன்கூட்டியே சிவப்பு மையில் குறித்து வைத்திருந்தார். கால்நடை மருந்தகத்துக்கு முதல் ஆளாகப் போய் நின்றவர் கணவர்தான்.

இரண்டு தடவையிலும் சேர்த்துப் பார்சல் முட்டையில் கிடைத்தது 20 குஞ்சு. அதில் 16 பிழைத்தது, 7 பெட்டை. அவை இட ஆரம்பித்த பிறகு வெளியூர் முட்டை தேவைப்படவில்லை. முதலில் அடைக்குப் படுத்த பெட்டைக்கு மாமியார் கூடையில் வைக்கோல் போட்டு 11 முட்டை வைத்தார். மழைக்காலத்தில் கரண்ட் போகும் வீட்டுக்கு அவயக்கோழியும் வேண்டும், முட்டை அதிகம் சேரும்போது பெட்டியும் வேண்டும். அந்த வீட்டில் இப்போது இரண்டும் இருக்கிறது.