கோட்டைக்கு வெளியே நிற்கும் கோட்டை ஸ்டேஷன்

ஏறாவூரில் இரவு மெயில் ஏறுகிறவர்களில் பாதிப்பேர் யாவாரத்துக்குப் போகிறவர்கள். கொஞ்சப்பேர் பாஸ்போட், வெளிநாட்டு அலுவல் என்று போகிறவர்கள். மீதிப்பேரின் கையில் ஸ்கேன் உறையும் கிளினிக் கொப்பியும் இருக்கும். உம்மாவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்த நாள் முதல் நாங்களும் அந்த மூன்றாவது கூட்டம். இரண்டு வருசமாக மகரகமவுக்குப் போய் வருகிறோம். எங்கள் இருவருக்கும் படிப்பிக்கிற தொழில் என்பதால், லீவைக் கணக்குப் பார்த்துப் பார்த்துத்தான் பயணம்.

வாழைச்சேனை, வெலிக்கந்தை, பொலன்னறுவை, மாகோ, பொல்காவலை என்று இரவு முழுக்க உம்மா ஒவ்வொரு ஸ்டேஷனையும் கேட்டுக்கொண்டே வருவா. கண் மூடமாட்டா. மருதானை வந்ததும் முக்காட்டைச் சரிசெய்வா. அறிஞர் சித்திலெப்பையும் அவரோடு நின்றவர்களும் ஸாஹிறாவுக்கு அத்திவாரமிட்ட ஊர் அது, 1892இல். அடுத்தது கோட்டை. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ஒல்கொட்டின் சிலை. பௌத்த பாடசாலைகளுக்காகப் பாடுபட்ட அமெரிக்கர். ஒரு கோச்சித் தரிப்பு இடைவெளியில் இரண்டு பாடசாலை வரலாறு. இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நன்றாகக் கேட்பார்கள்.

பேரைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். கோட்டை ஸ்டேஷன் என்கிறோம், ஆனால் 1917இல் திறந்த இந்தக் கட்டடம் நிற்பது புறக்கோட்டையில். கோட்டைக்குப் புறம்பே இருந்ததால் புறக்கோட்டை. சிங்களத்தில் பிட்டகொட்டுவ என்பதற்கும் அதே பொருள்தான். ஆங்கிலத்தின் பெட்டா நமது பேட்டையிலிருந்து போனது. கோட்டை மதிலை ஆங்கிலேயரே இடித்து எவ்வளவோ காலமாகிவிட்டது. உள்ளே, வெளியே என்ற பேர்கள் மட்டும் நிற்கின்றன.

விடியுமுன் இறங்கினால் கிளினிக்குக்கு இன்னும் நேரமிருக்கும். ஒருவர் உம்மாவோடு இருக்க, மற்றவர் ஒல்கொட் மாவத்தையைக் கடந்து இரண்டாம் குறுக்குத் தெருவால் நடப்போம். பிரதான வீதிக்கு அப்பால் சிவப்புப் பள்ளி, சிவப்பும் வெள்ளையுமாக வரிவரியாய், நூறு வருசத்துக்கும் மேலாக. சுபஹ் தொழுதுவிட்டுத் திரும்பும்போது நாலாம் குறுக்குத் தெருப் பக்கம் வெங்காயம், சீனி மூட்டைகளோடு நாட்டாமைமாரின் கைவண்டிகள் ஓடத் தொடங்கியிருக்கும். தமிழ், சிங்களம் இரண்டிலும் ஒரே ஏச்சு. பகலில் துணி வாங்க வருகிறவர்கள் இந்த நேரத்துப் புறக்கோட்டையைக் கண்டிருக்கமாட்டார்கள். பிளேன்டீயும் பராட்டாவும் வாங்கிக்கொண்டு வந்தால், உம்மா தேத்தண்ணியை மட்டும் குடிப்பா. பிறகு 138இல் மகரகம.

ஐந்தாவது மருந்து ஏற்றிய பிறகு வந்த பயணத்தில் உம்மாவுக்குக் கால் ஊன்ற முடியவில்லை. நாங்கள் இறங்கிய மேடையிலிருந்து வெளியே வர மேம்பாலப் படி ஏறவேண்டும். நாலு படி ஏறி இருந்துவிட்டா. "என்ன விட்டுட்டுப் போங்க மகன், நான் இஞ்ச இருக்கன்" என்றா. எங்கே விட்டுவிட்டுப் போவது? பொதி தூக்கும் ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார். அறுபது வயதிருக்கும். எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் கதிரையும் இன்னொரு ஆளையும் கொண்டுவந்தார். "அம்மே, வாடிவென்ன" என்றார். உம்மாவுக்குச் சிங்களம் தெரியாது, ஆனால் இருந்தா. இரண்டு பேரும் கதிரையோடு தூக்கிப் படி ஏறி, மறுபக்கம் இறக்கி, வாசல்வரை கொண்டுவந்தார்கள். காசு நீட்டினோம். இளையவர் வாங்கினார். பெரியவர் வாங்கவில்லை. தன் மனைவியும் மகரகமவில்தான் இருந்தார் என்று மட்டும் சொன்னார். இருந்தார் என்றாரா, இருக்கிறார் என்றாரா என்று பஸ்ஸில் நாங்கள் இருவரும் வெகுநேரம் கதைத்தோம். எங்கள் சிங்களம் அவ்வளவுதான்.

இதே ஸ்டேஷனில்தான் 2008 பெப்ரவரி 3ஆம் திகதி குண்டு வெடித்தது. பேஸ்போல் விளையாடிவிட்டு வந்த பாடசாலைப் பிள்ளைகளும் அவர்களது பயிற்றுநரும் அதில் போனார்கள். மாணவர்களை எங்காவது கூட்டிப்போகும் எந்த ஆசிரியருக்கும் அந்த மேடையில் நிற்கும்போது தலைகளை எண்ணத் தோன்றும். அதற்குப் பிறகும் இந்த நாட்டில் எத்தனையோ நடந்து, ஒருவர் பையை ஒருவர் சந்தேகமாய்ப் பார்த்த காலமும் போயிருக்கிறது. உம்மாவின் கதிரையைத் தூக்கியவர் அதையெல்லாம் பார்த்துக்கொண்டு அங்கேயே வேலை செய்திருப்பார்.

அடுத்த கிளினிக்குக்கு உம்மா ஒரு பக்கற் முந்திரிப்பருப்பைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தா. ஆளைக் காணவில்லை. அதற்கடுத்த முறையும் காணவில்லை. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். போன முறை படியை உம்மா தானாகவே, கம்பியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு இடத்தில் நின்று நின்று ஏறினா. முந்திரிப்பருப்பை மேலே நின்ற வேறொரு நாட்டாமையிடம் கொடுத்து, அவரிடம் சேர்க்கச் சொன்னா. பேர் கேட்டார். எங்களுக்குத் தெரியாது. "வயசான ஆள், வெள்ளைத் தாடி" என்றோம். அவர் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தார்.